மேன்ஸியின் டயர்கள்

டயர் ஒன்றுகூட இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரின்சே தீவைப் போட்டு உலுக்கிய புயல் திங்கள் காலையில்தான் கொஞ்சம் அடங்கியது. படகு இல்லை, கரண்ட் இல்லை, வெளியே தலைகாட்ட வழியில்லை. காற்று சற்றுத் தணிந்ததுமே தோரா ரெண்டல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். அகழாய்வுக் குழியை மூடிவைத்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு முள்கம்பி வேலியில் சுற்றிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம் அவளும் மற்ற தன்னார்வலர்களும் இடுப்பொடிய அந்த விரிப்பின் மேல் அடுக்கிய பழைய டயர்களைத்தான் காணோம்.

கடல் டயரை இழுத்துக்கொண்டு போகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தனையையுமா? ஒன்றிரண்டாவது பாசிக்குள் கிடக்க வேண்டாமா? கரை நீளத்துக்கும் பார்த்தாள். இரண்டு மீன் பெட்டி, ஒரு செத்த கடல்புறா, யாரோ விட்ட ரப்பர் செருப்பு. டயர் இல்லை. இது கடல் செய்த வேலை இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குழிக்குள் இறங்கினாள். இறங்குவதற்குக் குழி என்று ஒன்று இருந்தால்தானே! முழங்கால் வரை மணலும் பாசியும். கையால் தோண்டி, கையால் வழித்து, அந்தச் சின்ன அறையின் தரை இருந்த இடத்தைத் தேடினாள். ஓடு ஓடாகப் பெயர்ந்த களிமண் துண்டுகள்தான் கையில் வந்தன. ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது.

"பாவிகளா," என்றாள் சத்தமாக. கேட்க ஆளில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னாள்.

என்ன போனது என்று சொன்னால்தான் அவள் கோபம் புரியும். அந்தக் கரையில் ஐயாயிரம் வருஷத்துக் கல் வீடு ஒன்று இருந்தது. வருஷா வருஷம் கடல் அதில் ஒரு கடி கடித்துக்கொண்டிருந்தது. கோடையில் பெரிய தீவிலுள்ள கர்க்வால் டவுனிலிருந்து எய்லி என்கிற ஆய்வாளர் நாலைந்து மாணவர்களோடு வருவாள். மற்றபடி தோண்டுவது, சலிப்பது, கழுவுவது எல்லாம் தீவுக்காரர்கள்தான். படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டேவோ, கடைக்கார ரூபி, இங்கிலாந்திலிருந்து குடிவந்த நைஜல், இவர்களையெல்லாம் காலையில் வீடு வீடாகப் போய் எழுப்பி இழுத்துவரும் தோரா. அவள்தான் தலைவி. யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை.

இந்த வருஷம் மாணவர்கள் கிளம்பிப்போன பிறகு, கடைசி வாரத்தில், உள்ளறையில் முட்டி போட்டுக் கொத்துக் கரணையால் சுரண்டிக்கொண்டிருந்த தோராவுக்குக் களிமண் தரை தட்டியது. அதில் சின்னச் சின்னப் பள்ளங்கள். எய்லியைக் கூப்பிட்டாள். எய்லி வந்து வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு குழந்தையின் காலடி. ஒன்றில்லை, ஏழு. ஈரத் தரையில் வாசலைப் பார்த்து நடந்திருக்கிறது. பிறகு எப்போதோ அறையில் தீப்பிடித்துத் தரை பாதி வெந்து இறுகியிருக்கிறது.

தோரா தீவுப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். கடைசியாக இருந்த இரண்டு பிள்ளைகளும் பெற்றவர்களோடு கர்க்வாலுக்குக் குடிபோனதும் பள்ளியை இழுத்துப் பூட்டினார்கள். நாலு வருஷமாகிறது. சாப்பாட்டு மேஜைகள் அப்படியே கிடக்கின்றன, அவள்தான் மாதம் ஒரு தடவை போய்த் துடைத்துவிட்டு வருகிறாள். எதற்கு என்று கேட்டால் கடித்துவிடுவாள்.

"இதைப் பெயர்த்தெடுக்க எடின்பரோவிலிருந்து ஒருத்தங்க வரணும். செப்டம்பர் கடைசியிலதான் அவங்களுக்கு நேரமிருக்கு," என்று எய்லி சொன்னாள். "எடுத்து, கெட்டிப்படுத்தி, அங்கேயே மியூசியத்துல வெச்சிடலாம்."

"அங்கேயே எதுக்கு?" என்று தோரா கேட்டாள். "ரின்சேயில இருக்கிற ஒரே குழந்தை இதுதான். இதையும் எடின்பரோவுக்கு அனுப்பச் சொல்றியா? பள்ளிக்கூடம் காலியாத்தானே கெடக்கு. இங்க வரட்டும்."

எய்லி போராடிச் சம்மதம் வாங்கினாள். பள்ளியில் ஒரு அறையை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் காலடி ஏழும் ரின்சேக்கே திரும்பி வரும். அதுவரை மூடிவைக்க வேண்டும். மணல் போட்டு, விரிப்பு போட்டு, மேலே கனம் வைக்க வேண்டும். கனத்துக்கு டயர். டயர் இருப்பது ஒரே ஒருவனிடம். கரையை ஒட்டிய நிலத்துக்குச் சொந்தக்காரன், தோராவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மேன்ஸி டிரீவர். மாட்டுக்குக் குளிர்காலத் தீனியாகப் பச்சைப் புல்லைப் புளிக்கப் போட்டு மூடுகிறானே, அந்த ஊறுகாய்ப் புல் மேட்டின் மேல் அழுத்தி வைக்கிற டயர்கள்.

"என்னன்னு சொல்லி வாங்கறது?" என்று டேவோ கேட்டான்.

"குழி மூடன்னு சொல்லு."

"குழியில என்னன்னு கேட்டா?"

"கல்லும் மண்ணும்னு சொல்லு. டேவோ, ரூபி, நைஜல், எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் காலடி விஷயம் நம்ம அஞ்சு பேரைத் தாண்டக் கூடாது. முக்கியமா மேன்ஸிக்குத் தெரியக் கூடாது. அவன் காதுல விழுந்தா மதியச் சாப்பாட்டுக்குள்ள கர்க்வால் பூரா தெரியும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின கோடையில் ஒரு எலும்பு ஊசி கிடைத்தது. மேன்ஸி அதைப் படகில் ஏறியதும் முழங்கினான், இறங்கும்வரை முழங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எவனெவனோ படகு கட்டிக்கொண்டு வந்து மண்வெட்டியோடு குழியை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனார்கள். அவன் வாய் அப்படி. மனசில் ஒன்றுமில்லை, வாயில் எதுவும் தங்காது.

அவனே டிராக்டரில் டயர்களைக் கொண்டுவந்து இறக்கினான். "என் மாடு மோந்துகூடப் பாக்காத கல்லுக்கெல்லாம் என் டயரா?" என்று சிரித்தான். "எப்போ திருப்பித் தருவீங்க?"

"வேலை முடிஞ்சதும்," என்றாள் தோரா.

இவ்வளவுதான் நடந்த பேச்சு. இப்போது திங்கட்கிழமை காலை, கையில் களிமண் துண்டோடு நிற்கும் தோராவுக்கு அது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். மேன்ஸியின் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஊறுகாய்ப் புல் மேடு. அதன் மேல் வரிசை வரிசையாக, ஜம்மென்று, டயர்கள்.

அடுத்த நிமிஷம் அவள் வயலில் ஏறிக்கொண்டிருந்தாள். மாடுகள் விலகி வழிவிட்டன.

"மேன்ஸி! வெளியே வாடா!"

மேன்ஸி தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்தான். தொப்பி, ரப்பர் பூட்ஸ், கையில் கவைக்கோல். "என்ன தோரா, கூரை போச்சா? ஏணி வேணுமா?"

"கூரை கெடக்கட்டும். டயர் எங்க?"

அவன் மோவாயால் காட்டினான். "அது எங்க இருக்கணுமோ அங்க."

"யாரைக் கேட்டுடா எடுத்தே?"

"என் டயரை எடுக்க நான் யாரைக் கேக்கணும்? ரெண்டாவது புல்லறுப்பு முடிஞ்சுது, புல்லை மூடணும். நீங்கதான் வேலையை முடிச்சுட்டுக் கெளம்பிட்டீங்களே. அந்த ஆராய்ச்சி அம்மாகூட படகுலேர்ந்து கையாட்டிட்டுப் போச்சு. முடிஞ்சதும் எடுத்துக்கன்னு சொன்னது யாரு? நீதானே?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தான். "அட, சும்மா உருவிட்டு வந்துட்டேன்னு நெனச்சியா? விரிப்பு பறந்துடக் கூடாதேன்னு டயருக்குப் பதிலா கல்லு வெச்சுட்டுத்தான் வந்தேன். ஒரு மதியம் பூரா உக்காந்து அடுக்கினேன். டயரைவிடக் கனம்."

"கல்லா? எந்தக் கல்லு?"

"அங்கேயே கெடந்துதே. கடல் பக்கமா. நல்ல தட்டைக் கல்லு, அளவெடுத்து வெட்டின மாதிரி."

தோரா திரும்பிக் கரையைப் பார்த்தாள். இன்று காலை குழியின் கடலோரப் பக்கம் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை தெரிந்ததே, அது புயல் போட்ட ஓட்டை என்றல்லவா நினைத்தாள்!

"அது கெடந்த கல்லு இல்லடா," என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "அது சுவரு. அந்த வீட்டோட சுவரு. ஐயாயிரம் வருஷமா கடலைத் தடுத்துக்கிட்டு நின்ன சுவரு. அதைப் பிரிச்சா விரிப்புக்கு மேல வெச்சே? அந்த வழியாத்தான்டா கடல் உள்ள வந்திருக்கு!"

"சுவருன்னா சுவரு மாதிரி இருக்கணும். என் முழங்கால் உசரம்கூட இல்ல."

"உன் மூளை உசரம் இருந்துச்சு! உங்கப்பன் கட்டின சுவரை எவனாவது தொட்டாக் கோர்ட்டுக்குப் போவியே, இது யார் கட்டினதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? கண்ணு எங்க வெச்சிருந்தே? ஒத்தாசை பண்றானாம் ஒத்தாசை! கடல்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ணியிருக்காது!"

மேன்ஸி கவைக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்தான். அவனுக்கும் முகம் சிவந்துவிட்டது. "போதும் நிறுத்து. கல்லு போச்சு, மண்ணு போச்சு, அதுக்கு இந்தக் கூப்பாடா? இந்தத் தீவுல கல்லுக்கா பஞ்சம்? ரெண்டு வண்டி அனுப்பறேன், அடுக்கிக்க."

அப்போதுதான் தோராவின் வாயிலிருந்து அது வந்துவிழுந்தது. "கல்லு இல்லடா மடையா! அதுக்குள்ள ஒரு குழந்தையோட காலடி இருந்துச்சு!"

காற்று தகரக் கூரையைத் தட்டியது. மேன்ஸி அவள் பக்கம் ஒரு எட்டு வந்தான்.

"என்ன காலடி?"

"குழந்தை நடந்த தடம். களிமண்ணுல. ஏழு."

"என் நெலத்துலயா?"

"உன் நெலத்துலதான்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "யாருக்கெல்லாம் தெரியும்?"

தோரா மழைக்கோட்டில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"டேவோவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரூபிக்கு?"

"ம்."

"அந்த நைஜலுக்கு? போன வருஷம் வந்து எறங்கினவன். கெடாய்க்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவனுக்கும் தெரியும். என் கேட்டைத் தொறந்து வந்து, என் தண்ணியைக் குடிச்சு, என் டயரை வாங்கிக்கிட்டு, எனக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லல?"

"உன் வாய்க்குச் சொல்லுவாங்களா? அந்த ஊசியை ஊரெல்லாம் ஏலம் போட்டியே, மறந்துட்டியா?"

"ஊசி வேற, இது வேற!" என்று அவன் கத்தினான். மேன்ஸி கத்தி அவள் கேட்டதே இல்லை. அவன் சத்தமாகச் சிரிப்பவன், கத்துபவன் இல்லை. "கல்லும் மண்ணும்னு சொன்னா கல்லு மண்ணு மாதிரிதான் பாத்துக்குவேன். ஒரு குழந்தை இருக்குன்னு சொல்லியிருந்தா டயரை எடுத்திருப்பேனா? டயரே இல்லேன்னாலும் நானே அதுக்கு மேல படுத்துக் கெடந்திருப்பேனே!"

"இப்போ பேசறது சுலபம்."

"போயிடு தோரா. மொதல்ல என் வாசலைவிட்டுப் போ."

போனாள். வழியெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக நாக்கில் வந்தன, ஒன்றைவிட ஒன்று காரமாக. வீட்டுக்கு வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தபோதுதான், இத்தனை பதிலும் ஏன் வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. உண்மையில் பதில் இருந்தால் ஒன்று போதுமே. கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருந்தது, இறக்காமலே நின்றாள்.

செவ்வாய்க்கிழமைப் படகில் எய்லி வந்தாள். அலை இறங்கிய நேரம் பார்த்து ஐந்து பேரும் குழிக்குப் போனார்கள். எய்லி ஒரு பக்கமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "படமெல்லாம் இருக்கு தோரா. எல்லாப் பக்கமும் எடுத்திருக்கோம். அதை வெச்சு அப்படியே ஒரு பிரதி செஞ்சுடலாம், அசல் மாதிரியே இருக்கும். நீங்க பள்ளிக்கூடத்துல வைக்கலாம்," என்றாள்.

"பிளாஸ்டிக்லயா?"

"பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணுல."

"எய்லி, கண்ணு, நீ நல்ல பொண்ணு. உன்னைத் திட்ட எனக்கு இஷ்டமில்ல. அதனால கொஞ்ச நேரம் எங்கூடப் பேசாதே."

மணலை வாளி வாளியாக அள்ளினார்கள். உள்ளறையின் மூலைக்கு வந்தபோது டேவோ நிறுத்தினான். அங்கே மட்டும் மேன்ஸி வைத்த கற்கள் நகராமல் இருந்தன. வேலிச் சுவர் கட்டுகிறவன் கை அல்லவா, விளிம்போடு விளிம்பு ஒட்டி, இரண்டடுக்காகப் படிந்து கிடந்தன.

"நல்லாத்தான் அடுக்கியிருக்கான்," என்றான் டேவோ.

"வாயை மூடு டேவோ."

கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். அடியில் கிழிந்த விரிப்புத் துண்டு. அதற்கடியில் அவர்கள் போட்ட மணல், போட்டபடியே. எய்லி தூரிகையால் தள்ளத் தள்ளக் களிமண் தெரிந்தது. பாதிக் கால். குதிகால் பக்கம் உடைந்து போயிருந்தது. முன்பாதமும் ஐந்து விரல்களும் இருந்தன, சுண்டுவிரல் ஒரு பட்டாணி அளவு.

நைஜல் மெல்ல ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

எய்லி அங்கிருந்தே எடின்பரோவுக்குப் பேசினாள். அந்த அம்மாள் மற்ற வேலையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமையே வருவதாகச் சொன்னாள். ஆனால் வியாழக்கிழமை இன்னொரு புயல் என்று வானிலைச் செய்தி.

"மூடியாகணும்," என்றாள் எய்லி. "இந்தத் தடவை சரியான கனம் வேணும். சுவர்க் கல்லை நான் தொட விடமாட்டேன்."

எல்லோரும் மேட்டைப் பார்த்தார்கள். தோரா மட்டும் கடலைப் பார்த்தாள்.

"போய்க் கேளு தோரா," என்றாள் ரூபி.

"செத்தாலும் கேக்க மாட்டேன். இது பொழச்சுது அவன் கல்லாலன்னு தெரிஞ்சா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிவான். இந்தப் பாதிக் கால் விஷயம் அவன்கிட்ட யாரும் சொல்லக் கூடாது."

ரூபி வாளியைக் கீழே போட்டாள். ரூபி பொறுமைசாலி, கடையில் கடன் சொல்கிறவர்களிடம்கூடச் சிரித்துத்தான் பேசுவாள். "மறுபடியுமா? அந்த 'யாரும் சொல்லக் கூடாது'வை இன்னும் நீ விடலையா? அதனாலதான் இங்க நிக்கறோம், இந்தச் சேத்துல! ஆகஸ்ட்ல நீ சொன்னே, நாங்க தலையாட்டினோம். ஆட்டினதுக்கு எனக்கே என் மேல வெறுப்பா இருக்கு. நான் கடைக்குப் போய் அவனுக்கு ஃபோன் பண்ணி டயர் வேணும்னு கேக்கப்போறேன். டயர் மட்டும்தான் கேப்பேன். மத்ததை நீ சொல்லு. மறைச்சது நீதானே."

தோரா அவளை முறைத்தாள். ரூபி பதிலுக்கு முறைத்தாள். கடைசியில் குனிந்து வாளியை எடுத்தது தோராதான்.

மறுநாள் அவர்கள் வந்தபோது டயர்கள் குழியோரத்தில் குவிந்து கிடந்தன. விடிவதற்கு முன்பே கொண்டுவந்து தள்ளியிருக்கிறான். ஆளைக் காணோம். ஃபோனில் என்ன சொன்னான் என்று ரூபியைக் கேட்டார்கள். "ஒண்ணும் சொல்லல. சரின்னான், வெச்சுட்டான்," என்றாள். எதற்கு டயர் என்றுகூட அவன் கேட்கவில்லையாம்.

மணல் போட்டார்கள், புது விரிப்பு போட்டார்கள், டயரை உருட்டி உருட்டி அடுக்கினார்கள். புயலுக்கு நாளை வரை பொறுமையில்லை போலிருக்கிறது. மதியத்துக்குள்ளேயே காற்று ஏறத் தொடங்கிவிட்டது. நைஜல் கடைசி வரிசையை வைத்துவிட்டு, "பாதிக்கு மேல மிச்சமிருக்கே. எதுக்கு இத்தனை கொண்டாந்தார்?" என்றான்.

தோரா மிச்சத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆகஸ்டில் அவன் தந்தது இதில் பாதிகூட இல்லை. இத்தனை டயர் அந்தத் தீவில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். ஊறுகாய்ப் புல்லின் கறுப்பு விரிப்பு ஒரு பக்கம் கிளம்பி, உப்பி, அடித்துக்கொண்டிருந்தது. ஒரு டயர்கூட மேலே இல்லை. காற்று உள்ளே புகுந்தால் முழுப் புல்லும் பூஞ்சை பிடித்து நாசமாகும், அது ரின்சேயில் எல்லோருக்கும் தெரியும்.

"அட முட்டாப் பயலே!" என்று கத்தினாள். "டேவோ, மிச்ச டயரையெல்லாம் உன் வண்டியில ஏத்து! ஓடு!"

அவளே முதலில் ஓடினாள். இந்த வாரத்தில் இரண்டாவது தடவையாக மாடுகள் அவளுக்கு வழிவிட்டன.

மேன்ஸி ஒற்றை ஆளாக விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கயிறு போட்டு இழுத்தால் மறுபக்கம் தூக்கியது.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே! குளிர்காலத்துல மாடு என்னத்தைத் திங்கும்?"

"உன் கல்லைத் திங்கும். போ இங்கேர்ந்து."

"எல்லாத்தையுமா கொண்டாந்து கொட்டுவாங்க? பாதி போதும்னு தெரியாதா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" அவன் கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான். "எனக்குத்தான் யாரும் எதுவும் சொல்றதில்லையே. டயர் வேணும்னாங்க, குடுத்தேன்."

தோரா ஆத்திரத்தோடு மேட்டின் மேல் விறுவிறுவென்று ஏறினாள். உப்பி நின்ற பக்கத்துக்குப் போய் அப்படியே குப்புற விழுந்து, கையையும் காலையும் அகல விரித்துப் படுத்துக்கொண்டாள். விரிப்பு அவளுக்கடியில் இரண்டு தடவை முண்டிவிட்டு அடங்கியது. புளித்த புல் நாற்றம் மூக்கில் ஏறியது.

"எறங்குடி பைத்தியக்காரி!"

"மாட்டேன்!"

"உன் ஒருத்தி கனத்துக்கு ஒரு மூலைகூட அடங்காது!"

"அப்போ நீயும் ஏறிப் படு! டேவோ வர்றவரைக்கும்!"

மறுபக்கம் விரிப்பு சடாரென்று கிளம்பியது. மேன்ஸி வேறு வழியில்லாமல் ஏறி அந்தப் பக்கம் விழுந்தான். இரண்டு கிழங்களும் மாட்டுத் தீனியின் மேல் தவளை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. காற்று நடுவே சீறிக்கொண்டு போனது. கீழே டேவோவின் வண்டி இன்னும் கேட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"பாதி பொழச்சிருக்கு," என்று தோரா கத்தினாள்.

"என்ன?"

"காலடி! ஒண்ணுல பாதி பொழச்சிருக்கு! நீ வெச்ச கல்லுக்கு அடியில!"

மேன்ஸி தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான். "சந்தோஷப்படாதே!" என்று அவள் மேலும் கத்தினாள். "ஏழு இருந்துச்சு! நீ அந்தச் சுவரைத் தொடாம இருந்திருந்தா ஏழும் இருந்திருக்கும்!"

"நீ சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன்!"

"தெரியும்டா! தெரியும்! அதான் சொல்றேன்ல!"

மறுபடி காற்று. அப்புறம் அவன் கேட்டான். கத்தாமல் கேட்டதால் அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் புரிந்தது.

"வெரல் இருக்கா?"

"அஞ்சும் இருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"இவ்ளோதான்டா..." தோரா காட்டுவதற்காக ஒரு கையைத் தூக்கினாள். தூக்கிய இடத்தில் விரிப்பு குபுக்கென்று எழும்பியது.

"கையை எடுக்காதே!" என்று அவன் அலறினான். "காட்ட வேணாம், கையை வை! வாயால சொல்லு!"

அவள் கையைப் பழையபடி வைத்து அழுத்தினாள். கன்னத்தையும் பிளாஸ்டிக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு ஆகஸ்டில் கரணையில் களிமண் தட்டியதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல், காற்றுக்கு மேலே தொண்டை கிழிய, வாயால் சொன்னாள்.